கல்லில் ஒன்பதாவது பெயர்

1

சாப்பாட்டு இடைவேளையில் செல்போனைத் திறந்தேன். அதில் என் பெயர் இருந்தது. கல்லில் வெட்டிய பெயர்.

உங்களில் விம்கோ நகர் பக்கம் இருப்பவர்கள் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ரயில்வே கேட்டுக்குப் போகும் வழியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடிக்கம்பம். கீழே முழங்கால் உயரத்துக்கு சிமெண்டுப் பீடம். பீடத்தில் கறுப்புக் கல். கல்லின் தலையில் அரிவாளும் சுத்தியலும், அதன் கீழே ‘கிளை உறுப்பினர்கள்’ என்று ஒன்பது பெயர்கள். ஒன்பதாவது பெயர், தோழர் ம. அருள்தாஸ். அது நான்தான்.

கல்லுக்குப் பக்கத்தில் என் மகள் பிரின்சி குந்தி உட்கார்ந்து, ஒரு கையை முஷ்டி மடக்கித் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். ராயபுரத்தில் என் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம் என்று போனவள், அப்பா இருந்த ஏரியாவைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறாள். மைத்துனன் ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போயிருக்கிறான். படத்தை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் பரவாயில்லை. ஊர் உலகம் எல்லாம் பார்க்கிற தன் இணையப் பக்கத்தில் போட்டு, மேலே ஆங்கிலத்தில் ‘என் அப்பா ஒரு தோழர், எனக்கு இன்றுவரை தெரியாது’ என்று எழுதியிருந்தாள்.

நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் கடலோரத்தில். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். குழாய் செய்யும் பட்டறையில் வெல்டர். படம் வந்த நாளுக்குச் சில மாதம் முன்பு, இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம். அதில் ஒரு கேள்வி, உலகில் எங்காவது ஒரு கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகவோ, ஏதாவது ஒரு வகையில் தொடர்பு உள்ளவராகவோ எப்போதாவது இருந்தீர்களா?

இல்லை என்று குறி போட்டிருந்தேன். அடியில் கையெழுத்தும் என்னுடையது. நேர்காணலுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

கையில் இருந்த சப்பாத்தியை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

2

எனக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. இங்கே வந்து அது கூடிவிட்டது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தால் முதலில் அதன் முத்திரையைப் பார்ப்பேன், பிறகு ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்ப்பேன். முகம் சாதாரணமாக இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

விண்ணப்பத்தை நிரப்பியது, எங்கள் சர்ச் ஹாலில் சனிக்கிழமைகளில் உட்காரும் ஒரு மலையாளி. மடமடவென்று கேட்டுக்கொண்டே போனார். குடிப்பழக்கத்தால் கேஸ் உண்டா, இரண்டு மனைவி உண்டா, ஆயுதம் விற்றது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அந்த வேகத்தில் கம்யூனிஸ்ட் கேள்வியும் வந்தது. நான் ஒரு நிமிடம் நின்றேன்.

ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள். “இல்லைன்னு சொல்லு. நீ என்ன கொடி புடிச்சியா, ஜெயிலுக்குப் போனியா? கம்பத்துக்கு வெல்டிங் அட்ச்சே, அவ்ளோதான?”

அவளுக்கு நான் சொல்லியிருந்தது அவ்வளவுதான். மலையாளி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “எங்க ஊர்ல இந்தக் கேள்விக்கு உண்மை சொல்ல ஆரம்பிச்சா பாதி ஜனம் அமெரிக்கா வர முடியாது, கேட்டோ” என்றார். அது நக்கலா, என்னை ஆழம் பார்க்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இல்லை என்றேன். இங்கே முதலில் வரும்போதும் இதே கேள்வி இருந்திருக்கும். அப்போது எல்லாவற்றையும் ஸ்டெல்லா நிரப்பினாள். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே நாங்கள் இருக்கும் ஊர் மணலி மாதிரியேதான். சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு பகலிலும் எரியும், டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், காற்றில் அதே முட்டை நாற்றம். வந்த புதிதில் அந்த நாற்றத்தை மோந்துதான் எனக்குத் தைரியம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே ஆலை வாசலில் ஒரு கட்சிக் கொடிகூடக் கிடையாது. சங்கப் பலகை கிடையாது. சுவரில் ஒரு எழுத்து கிடையாது. இத்தனை ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் சுவர் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

3

கம்பத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வார்ப்பட ஆலையில் நான் கான்ட்ராக்ட் ஆள். நிரந்தரத் தொழிலாளிகளுக்குப் பெயர் போட்ட அட்டை. எங்களுக்குக் கான்ட்ராக்டர் பெயரும் ஒரு நம்பரும். நான் பதினாலு. சூப்பர்வைசர், “ஏய் பதினாலு, இங்க வா” என்றுதான் கூப்பிடுவார். ஏழு வருடம் பதினாலாக இருந்தேன்.

அங்கே நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர் தேசப்பன் அண்ணன். சங்கத்தில் ஆள், கட்சியில் கிளைச் செயலாளர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் படிப்பகம் நடத்தினார். இரண்டு பெஞ்சு, நாலு பேப்பர், ஒரு அலமாரி. ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கப் போனவன் மழைக்கு உள்ளே ஒதுங்கினேன். யாரும் பேசாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய சௌகரியம். மறுநாளும் போனேன்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன், அந்தக் கொட்டகையில்தான் ஒரு பக்கத்தை முழுசாகப் படிக்கப் பழகினேன். ருஷ்யா, சீனா, வியட்நாம், கியூபா என்று எங்கெங்கோ இருக்கும் நாடுகளில் என்னைப் போன்றவர்கள் எழுந்து நின்றார்கள் என்று அலமாரியில் இருந்த புத்தகங்கள் சொல்லின. அவற்றை நான் நம்பினேனா என்றால், பாதி. உபரி, வர்க்கம் என்று தேசப்பன் அண்ணன் பேசும்போது தலையாட்டுவேன். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அது திருட்டு என்று அவர் சொன்ன அன்றைக்கு, யாரோ என் பாக்கெட்டில் கை விட்டதைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது.

சந்தேகப்படவும் அங்கேயே கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒன்றல்ல, இரண்டு சிவப்புக் கொடி. இரண்டும் உலகத் தொழிலாளர்களை ஒன்று சேரச் சொல்லும், ஆனால் ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த ஒன்பது பேரையும் ஏழு பேரையும் அவற்றால் ஒன்று சேர்க்க முடியவில்லை. ஆலை மூடும் பேச்சு வந்தபோது நாங்கள் கேட் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். மேலேயிருந்து ஒரு தலைவர் காரில் வந்தார், உள்ளே போனார், சாயங்காலம் வெளியே வந்து வெற்றி என்றார். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஏதோ கிடைத்தது. கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. பந்தலில் அவர்களோடு சேர்ந்து வெயிலில் கிடந்தவர்களில் பாதி நாங்கள். தேசப்பன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் வீட்டுக்கு வந்தார். “நைனா, பழைய கம்பம் துரு புட்ச்சி சாஞ்சிகினு கீது. கம்பெனியில கழிச்ச பைப்பு ஒண்ணு கெட்ச்சிருக்கு. வெல்டிங் அட்ச்சிக் குடு” என்றார். கோபம் இருந்தது, ஆனால் அவரிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். அடியில் கனத்த தகடு, நாலு பக்கமும் முட்டுக் கொடுக்க முக்கோணத் தகடு. கடல் காற்றுக்குத் தாங்கவேண்டும் என்று ஒன்றுக்கு மூன்று தடவை ஓட்டினேன். என் வேலையில் அதை மிஞ்சி ஒரு வெல்டிங் நான் இன்றுவரை அடித்ததில்லை. கூலியாக டீயும் பன் பட்டர் ஜாமும். கொடி ஏற்றிய அன்று கல்லைத் திறந்தார்கள். அதில் ஒன்பதாவதாக என் பெயர் இருந்தது. கட்சியில் நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவன் இல்லை.

4

பட்டறையில் என்னோடு குழாய் பொருத்துபவன் பெயர் மின். வியட்நாம்காரன், அறுபதைத் தொடப்போகிறவன். சின்ன வயதில் படகில் தப்பி வந்த குடும்பம். அவன் வீட்டு வாசலில் மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு போட்ட கொடி பறக்கும். அது இப்போது எந்த நாட்டுக்கும் கொடி இல்லை. சண்டையில் தோற்றுப்போன தெற்கு வியட்நாமின் கொடி. காற்றில் நைந்து போனால் புதிது வாங்கிக் கட்டுவான்.

அவனுடைய அப்பா படகு மோட்டார் ரிப்பேர் செய்பவர். தோற்ற பட்டாளத்தின் படகுகளுக்கும் ரிப்பேர் செய்தார். சிவப்புக் கொடிக்காரர்கள் வந்ததும் ஒரு பட்டியல் படித்தார்கள். அதில் அவர் பெயர். யார் எழுதினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. முகாமுக்குக் கொண்டுபோனவரைத் திருப்பி அனுப்பியபோது அவருக்கு மோட்டார் சத்தம் கேட்டாலே கை நடுங்குமாம்.

இதை மின் சொன்ன அன்று, நான் உள்ளுக்குள் என் அலமாரிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அதில் வியட்நாம் பக்கங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மோட்டார் மெக்கானிக் எந்தப் பக்கத்திலும் இல்லை. என்னைப் போல ஒரு கைத்தொழிலாளி, தொழிலாளிகளின் அரசாங்கத்திடமிருந்து ஓடி வந்திருக்கிறார். அப்படியானால் தேசப்பன் அண்ணன் தெரிந்தே மறைத்தாரா? அவருக்கும் யாராவது மறைத்தார்களா?

மின் போட்டிருக்கும் பாதுகாப்பு ஷூவின் நாக்கில் ‘வியட்நாமில் செய்தது’ என்று இருக்கிறது. ஒருநாள் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “அதே கட்சிதான் இன்னும் அங்கே ஆளுது. இப்ப அவங்களே அமெரிக்காவுக்கு ஷூ தைக்கிறாங்க. எங்க அப்பா கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்” என்று சிரித்தான். எங்கள் கிரைண்டிங் வீல் சீனாவிலிருந்து வருகிறது. அங்கேயும் அதே கொடி, ஆனால் அங்கே இருக்கும் பணக்காரர்களைப் பற்றி டிவியில் தினம் சொல்கிறார்கள். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நேபாளி, தன் அண்ணன் ஒரு சிவப்புக் கட்சிக்காகக் காட்டுக்குள் துப்பாக்கியோடு போனவன், இப்போது அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்து போய் வந்து போய், அண்ணன் மட்டும் வெளிநாட்டில் டாக்சி ஓட்டுகிறான் என்கிறான். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். கொடி ஒரே நிறமாக இருப்பதால் கதையும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு.

இந்த மின் என்னை ‘நண்பா’ என்று கூப்பிடுகிறான். கல்லில் இருக்கும் சுத்தியலுக்குக் கீழே என் பெயரைப் பார்த்தால் என்ன சொல்வான்? படம் வந்த அன்று மத்தியானம் முழுதும் அவன் செல்போனை எடுக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அவன் மீன்பிடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

5

பிரின்சிக்குப் போன் போட்டேன். அங்கே இரவு. பின்னால் கல்யாண வீட்டு நாதஸ்வரம்.

“பிரின்சி, அந்த போட்டோவ எட்து போடும்மா.”

“ஏன் டாடி? எவ்ளோ லைக்ஸ் வந்திருக்கு தெரியுமா?”

“லைக்கு கெடக்குது. மொதல்ல எடு.”

“நீங்க காம்ரேட்னு ஏன் எனக்குச் சொல்லவே இல்ல?”

“நான் இல்ல.”

“கல்லுல எழுதியிருக்கே!”

“கல்லுல இருந்தா? கல்லறையிலகூடத்தான் பேரைத் தப்பா வெட்டி வெக்கிறான்.”

அவள் சிரிக்கவில்லை. கல்லூரியில் அவளுக்கு ஒரு கூட்டம் உண்டு. வியாழக்கிழமைகளில் வட்டமாக உட்கார்ந்து முதலாளித்துவம் பற்றிப் படிக்கிறார்கள். லேப்டாப்பில் அரிவாள் சுத்தியல் ஸ்டிக்கர். எல்லோரும் காரில் வருகிற பிள்ளைகள். தொழிலாளிகளுக்காக உருகுகிறார்கள். எங்கள் பட்டறை வாசலுக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. என் மகள்கூட, உள்ளே எவ்வளவு சூடு டாடி என்று கேட்டதில்லை. அவர்களில் யாராவது ஒருவன் போலீசுக்கு ஆள் காட்டுகிறவனாக இருப்பான் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

“உங்களுக்கு வெக்கமா இருக்கா டாடி?” என்றாள்.

“வெக்கம் இல்ல. பயம்.”

“எதுக்கு?”

“அம்மாவ கேளு. நேர்காணல் முடியுற வரிக்கும் உன் ஸ்டிக்கரையும் சேத்துக் கழட்டு.”

“தட்ஸ் நாட் ஃபேர்” என்று வைத்துவிட்டாள். படம் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. ஆனால் அவளுடைய கூட்டாளிகள் எத்தனை பேர் செல்போனில் இறங்கியிருக்கும்? படம் எடுத்துப் போட்டது தெரிந்தால், போட்டதை எடுத்ததும் தெரியாதா?

6

தேசப்பன் அண்ணன் நம்பரை மைத்துனனிடம் வாங்கினேன். இருபது வருடம் கழித்துப் பேசுகிறேன்.

“அண்ணே, அருளு பேசுறேன்.”

“எந்த அருளு? ஓ, அமெரிக்காவா! இன்னா நைனா, ஏகாதிபத்தியம் எப்டி கீது?”

“இருக்குண்ணே.”

“உன் பொண்ணு வந்துச்சுபா. டீ வாங்கிக் குட்த்தேன். நல்ல பொண்ணு. என்னாண்டயே புரட்சி சொல்லிக் குடுக்குது. நான் தலைய ஆட்டிகினு இருந்தேன், நீ ஆட்டுவியே அந்த மாரி.”

“அண்ணே, அந்தக் கல்லுல என் பேரு…”

“கீது. நீட்டா கீது. அதுக்கின்னா?”

“அத்த செதுக்கி எட்த்துடணும்.”

மெதுவாகக் கேட்டார், “இன்னாத்துக்கு?”

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில்தான் நிறுத்தினார். “அமெரிக்காகாரன் விம்கோ நகர் கிளையப் பாத்து பயப்படுறானா? டேய், இங்க டீக்கடைக்காரனே எங்களப் பாத்து பயப்பட மாட்டேன்றான்டா. ஒரு வார்டு ஜெயிக்கல. சொல்லு உங்க ஆபீசராண்ட, பயப்பட வேணாம்னு.”

“சிரிக்காதண்ணே. எனக்கு பேஜாரா கீது.”

“சர்தான், வுடு. பொது எடத்துல கீற கொடிக்கம்பத்தெல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு. எல்லாக் கட்சிக்கும்தான். அடுத்த வாரம் வர்றானுங்க. கம்பம் போனா கல்லும் பூடும். உனக்கு நல்ல நேரம்தான்.”

நான் வைத்திருக்கலாம். ஆனால் இருபது வருடமாக உள்ளே இருந்தது வந்துவிட்டது. “நான் கட்சியில சேரவே இல்லியே. ஏன் என் பேரப் போட்டே?”

“எட்டு பேர்தான் நைனா மிஞ்சினோம். ஒருத்தன் ரோட்டுக்கு அந்தாண்ட பூட்டான். மேல இருந்து வர்றவன் எண்ணிப் பாப்பான். ஆள் கொறஞ்சா பக்கத்துக் கிளையோட சேத்துடுவான். படிப்பகத்துக்குப் பூட்டுதான். அதான் ஒரு பேரு எழுதினேன். தெனம் வர்றவன், பேசாதவன். நீ மறுப்பு சொல்ல மாட்டேன்னு தெரியும்.”

“கல்லுல மட்டும்தான?”

“ரிஜிஸ்டர்லயும்.”

“எத்தினி வருசம்?”

“நீ பிளைட் ஏறுற வரிக்கும்.”

“கையெழுத்து?”

“நான்தான் போட்டேன். உன் கையெழுத்து இன்னா, கோழி கிறுக்கினாப்ல இருக்கும். சுளுவா வந்துச்சு.”

அப்படியானால் நான் உறுப்பினர். எனக்குத் தெரியாமலே பல வருடம் ஒரு கட்சியின் புத்தகத்தில், என் கையெழுத்து மாதிரி ஒரு கையெழுத்தோடு இருந்திருக்கிறேன். ஆளைக் கேட்காமல் பெயரை எழுதிக்கொள்ளும் பழக்கம் வியட்நாமில் மட்டும் இல்லை. மின்னின் அப்பாவுக்கு நடுங்கிய கையை நினைத்துக்கொண்டேன். “அந்த ரிஜிஸ்டர் இப்ப எங்கண்ணே?” என்றேன்.

“கரையான் துன்னுட்ச்சி” என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். “உன் வெல்டிங் வரமாட்டேன்னுட்ச்சி நைனா! எல்லாக் கம்பமும் கட்டிங் மெஷின்ல பொசுக்குனு வந்துச்சி. நம்ம கம்பத்துக்கு ரெண்டு பிளேடு ஒட்ஞ்சிது. அப்பால கேஸ் கட்டர் எட்த்தாந்தானுங்க. நின்னு பாத்துகினே இருந்தேன். எவன்டா அட்ச்சான் இதுன்னு கேட்டான். நான் வாயத் தொறக்கல, உனக்கு ஆவாதுன்னு.”

“கல்லு?”

“வூட்டுக்கு இட்டாந்துட்டேன். தொவைக்கிற கல்லா போட்டுக்கீறேன். பேரெல்லாம் மண்ணப் பாத்துகினு கீது. உங்க அண்ணி ஏறித் தொவைக்கிறா. எந்த ஆபீசர் வந்து கவுத்துப் பாப்பான்?”

7

நேர்காணலுக்குக் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு இளம் பெண். வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வேன் என்று சொல்ல வைத்தார். நாட்டைப் பற்றிய கேள்விகளுக்கு மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பிறகு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். இல்லை, இல்லை, இல்லை.

கம்பம் போய்விட்டது. கல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படத்தை எடுத்தாகிவிட்டது. ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது. இதற்கு மேல் எனக்கு ஒரு நல்ல நாள் அமையாது.

ஆனால் அந்தக் கேள்விக்கு வரும்போது, அவர் கை ஃபைலின் மேல் இருந்தது. தடித்த ஃபைல். என்னைப் பற்றி இவ்வளவு காகிதம் எதற்கு? உள்ளே அந்தப் படம் இருக்கிறது, தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று தோன்றியது. தோன்றிய உடனே வாய் சொல்லிவிட்டது. “எஸ், மேடம்.”

நான் நேர்மையால் சொன்னேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். சந்தேகத்தால் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். இங்கே இல்லை என்று இருக்கிறதே என்றார். தப்பு, திருத்த வேண்டும் என்றேன். கட்சியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கொடிக்கம்பத்துக்கு வெல்டிங் அடித்தேன், அவர்களுடைய நூலகத்தில் பேப்பர் படித்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வெகுநேரம் எழுதினார். ஃபைலை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறந்திருந்தால், அதில் என் பழைய காகிதங்களைத் தவிர எதுவும் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் ஒரு காகிதம் கொடுத்தார். உறுப்பினராக எப்படி ஆனீர்கள், உங்களுக்குத் தெரிந்து ஆனீர்களா, எப்போது முடிந்தது, முன்பு ஏன் இல்லை என்றீர்கள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். பிறகுதான் முடிவு.

ஸ்டெல்லாதான் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியபோது, “இருபது வருசமா என்கிட்ட வாயத் தொறக்காதவன், அந்தப் பொம்பளகிட்ட தொறந்துட்டியா?” என்றாள்.

8

பிரின்சி ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். லேப்டாப்பில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

தேசப்பன் அண்ணன் என் கையெழுத்தைப் போட்ட கதையைச் சொன்னபோது அவள் விரல் நின்றது. “அவரா? எனக்கு டீ வாங்கிக் குடுத்த அங்கிளா? அது ஃபோர்ஜரி டாடி” என்றாள்.

“ஆமா.”

“அவங்க உங்கள யூஸ் பண்ணிக்கிட்டாங்க.”

“ஆமா. ஆனா அந்தக் கொட்டகை இல்லாட்டி எனக்குப் படிக்க வந்திருக்காது. அதையும் எழுது.”

“அது அவங்களுக்கு எதுக்கு?”

“கேட்டாங்க இல்ல, தொடர்புன்னு. அதான் தொடர்பு.”

அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தட்டினாள். பிறகு எழுதியதை வாசித்துக் காட்டித் தமிழிலும் சொன்னாள். “‘என் பெயர் எனக்குத் தெரியாமலும் என் சம்மதம் இல்லாமலும் சேர்க்கப்பட்டது.’ இது ஒண்ணு போதும் டாடி. நெட்ல பாத்தேன். தெரியாம சேத்திருந்தா பிரச்சினையே இல்ல. கையெழுத்துப் போடுங்க.”

ஸ்டெல்லா பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ரிஜிஸ்டர் விஷயத்தில் அந்த வரி சுத்தமான உண்மை. வேண்டுமானால் தேசப்பன் அண்ணனே சாட்சி சொல்வார்.

ஆனால் நான் உங்களிடமும் ஒன்றைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். கல்லைத் திறந்த அன்று கூட்டம் கலைந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போவது போலப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்போது என் பெயர் வேறு எங்கேயும் இருந்ததில்லை. ரேஷன் அட்டை அண்ணன் பெயரில். ஆலையில் நான் பதினாலு. வீட்டு வாடகை ரசீதுகூடக் கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் பெயரை ஒருவர் எழுதி, அதுவும் கல்லில் எழுதி, ரோட்டில் வைத்திருந்தார். நான் உறுப்பினர் இல்லை, அழியுங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். வெட்டிய தூசி ஒட்டியது. வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் யாருடனோ பேசப் போவது போல இன்னொரு தடவை போனேன். அதற்குப் பிறகு இந்த நாட்டுக்கு விமானம் ஏறும் வரைக்கும், அந்தக் கல் இருந்த பக்கமாகத்தான் நடந்தேன். சுற்று வழி அது.

“அத்த எடு பிரின்சி” என்றேன்.

“எத?”

“தெரியாமன்னு போட்டியே, அத்த.”

“டாடி, அதுதான் உங்களக் காப்பாத்துற லைன்.”

“தெரியும்.”

“அப்ப என்ன எழுத?”

ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு பார்சல் வண்டி எதையும் போடாமல் போனது. நான் மெதுவாக, அவளுக்குத் தட்ட நேரம் கொடுத்துச் சொன்னேன்.

“ரிஜிஸ்டர் எனக்குத் தெரியாது. கல்லு தெரியும். அன்னிக்கு ரெண்டு தபா போய்ப் பாத்தேன். அழிக்கச் சொல்லல.”

பிரின்சி தட்டினாள். நான் வாங்கி, எழுத்து எழுத்தாக ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டு, கோழி கிறுக்கின மாதிரி என் கையெழுத்தை நானே போட்டேன்.